உறவுவழி உளச்சிகிச்சையிற் பழைமையும் புதுமையும்

மழை பொய்க்கும் காலங்களில் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நீர் வற்றும்பொழுது, பழைய மஸ்கெலியாப் பட்டினத்தின் கோயிலும் பிற கட்டடங்களின் இடிபாடுகளும் சேற்றினின்று வெளிப்படுவதை இப்பகுதியார் நன்கறிவர். 1960களின் பிற்பகுதியில் அணை எழுந்தபோது ஊர் மேட்டுக்குப் பெயர்ந்தது. பழைய ஊர் நீருள் நின்றது. சிக்மண்ட் பிராய்ட் 1930இல் வெளியிட்ட நூலொன்றில் மனித மனத்தை உரோமாபுரிக்கு ஒப்பிட்டார். நகரின்மேல் நகர் அடுக்கடுக்காய் எழுந்த பின்னரும் பழையது யாதும் அழியாது கிடப்பதாகக் கற்பனை செய்யுமாறு கூறினார். மஸ்கெலியா மாணவனுக்கு இவ்வுவமை விளங்குதற்கு உரோமாபுரி வேண்டியதில்லை.

ஆயின் இவ்வுவமை உளச்சிகிச்சையின் பழைய நெறிக்கே முற்றும் பொருந்துவதாகும். கீழே புதைந்ததை அகழ்ந்து வெளிக்கொணரின் நோய் தீரும் என்பது அந்நெறி. புதிய நெறியினர் மற்றுமொரு வினாவை எழுப்புவர். பழைய ஊர் நீருள் இருப்பது மெய். அந்நீரை இன்றும் அங்கே தேக்கிவைத்திருப்பது யாது? அணை இன்றும் நிற்பதனாலன்றோ ஊர் மறைந்திருக்கிறது? மனிதன் தன் இன்றைய உறவுகளில் நாள்தோறும் செய்வனவும், பிறர் அவனுக்குச் செய்வனவுமே அவ்வணை என்பது அவர்தம் விடை. இவ்விரு நெறிகளும் எவ்வாறு பிரிந்தன, எவ்வாறு மீளக் கூடின, அக்கூட்டம் மலையகத் தோட்டங்களில் வாழும் தமிழர்க்கு எவ்வளவிற் பயன்படும் என்பன ஆராயத்தக்கன.

பிராய்ட் வகுத்த முறையில் நோயுற்றவர் சாய்கட்டிலிற் கிடந்து, மனத்தில் தோன்றுவனவற்றை ஒளியாது கூறுவார். மருத்துவர் அவர் பார்வைக்குப் புறத்தே அமர்ந்து கேட்பார். 1912இல் மருத்துவர்க்கு எழுதிய அறிவுரையில், கண்ணாடி போலத் தமக்குக் காட்டப்பட்டதையே திருப்பிக் காட்டுதல் வேண்டும் என்றும், அறுவை மருத்துவரைப் போலத் தம் இரக்கத்தையும் ஒதுக்கிவைத்தல் வேண்டும் என்றும் அவர் கூறினார். நோயுற்றவர் தம் தாய்தந்தையர்மீது கொண்டிருந்த அன்பையும் சினத்தையும் தம்மை அறியாமலே மருத்துவர்மேல் ஏற்றுவர். இதனை உணர்வுப் பெயர்ச்சி எனலாம். கண்ணாடியில் மாசு படிந்திருப்பின், தோன்றுவதில் எது நோயாளருடையது, எது மருத்துவருடையது எனப் பிரித்தறிய இயலாது என்பதே அவ்விதியின் நியாயம். விதி வகுத்தவரே அதனைக் கண்டிப்பாகக் கைக்கொண்டாரல்லர் என்பதையும் குறிப்பிடல் தகும். பசியோடு வந்த நோயாளர் ஒருவருக்கு உணவளித்த செய்தி பிராய்டின் குறிப்பிலேயே உள்ளது.

இவ்விதியைக் கடிந்துரைத்தவருள் முதன்மையானவர் அவருடைய அணுக்கரான சாந்தோர் பெரென்சி. 1932இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரிற் கூடிய மாநாட்டில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். சிறுவயதிற் பெரியோராற் கொடுமைக்குள்ளானவர், பின்னர் உணர்ச்சி காட்டாத மற்றொரு பெரியவர்முன் கிடத்தப்படும்போது பழைய கொடுமையே மறுமுறை நிகழ்கிறது என்றும், மருத்துவர் தம் பிழையை ஒப்புக்கொள்வதே நோயாளரின் நம்பிக்கையை மீட்கும் என்றும் அதில் வாதித்தார். பிராய்டுக்கு அக்கட்டுரை உவப்பாயில்லை. பெரென்சி மறு ஆண்டே மறைந்தார்; அவர் கருத்தும் பல்லாண்டு புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது.

பின்வந்தோருள் எடின்பரோவைச் சேர்ந்த பெயர்பேண், மனிதனை அடிப்படையில் இயக்குவது இன்பவேட்கையன்று, உறவுவேட்கையே என 1940களில் எழுதினார். தாயினின்று பிரித்துக் குழவி என்றொரு தனிப்பொருளைக் காண இயலாது என்றார் குழந்தை மருத்துவராகவும் விளங்கிய வின்னிகொற். அமெரிக்காவில் ஜே கிறீன்பேர்க், ஸ்டீபன் மிற்செல் ஆகிய இருவரும் 1983இல் வெளியிட்ட பெருநூல் இச்சிதறிய கருத்துகளை ஒன்றுதிரட்டியது. 1988இல் மிற்செல் தனியே எழுதிய நூலோடு உறவுவழி நெறி நன்கு நிலைபெற்றது.

புதிய நெறியினர் பழையதை எறிந்துவிட்டனர் எனக் கருதுவது தவறு. நனவிலி மனம் உண்டு. இளமை அனுபவம் ஆழப் பதியும். உணர்வு பெயர்ந்து ஏறும் என்பனவற்றை அவர்கள் மறுக்கவில்லை. மறுத்தது ஒன்றையே: ஒருவர் மனத்தை மற்றவர் வெளியே நின்று நோக்கல் கூடும் என்னும் எண்ணத்தை. நோயாளர் மருத்துவர்மேல் ஏற்றும் உணர்வு முற்றும் பழையதன்று. மருத்துவரின் இன்றைய முகத்தையும் சொல்லையும் பற்றுக்கோடாகக் கொண்டே அஃது எழுகிறது. போல் வாக்ரெல் 1977இல் எழுதிய நூலில் இதனைத் தெளிவாக்கினார். மாமூத் என்னும் பண்டைய யானை பனியுள் உறைந்து கெடாது கிடப்பதைப் போலச் சிறுவயது அனுபவம் மனத்துள் கிடக்கிறது என்பது பழைய கருத்து. அவரோ, அது கிடக்கவில்லை, நாள்தோறும் புதிதாய் ஆக்கப்படுகிறது என்றார். பிறர் தன்னை இகழ்வர் என அஞ்சுபவன் முன்கூட்டியே முறுகிப் பேசுகிறான். கேட்டோர் முகஞ்சுளிக்கின்றனர். அவர்கள் தன்னை இகழ்வது மெய்யெனவே அவனுக்குத் தோன்றுகிறது. இளமையில் விதை விழுந்ததும் உண்மை. நாள்தோறும் நீர் வார்க்கப்படுவதும் உண்மை. சிகிச்சையாளரும் இச்சுழலுள் அகப்படுவார். அகப்படாதிருத்தல் திறமையன்று, அகப்பட்டபின் அதனை உணர்ந்து நோயாளரோடு பேசுதலே திறமை.

இதனைக் கேட்கும் தமிழர் சிலர், 'இஃது எமக்குப் புதிதோ?' என வினவக்கூடும். வினா நியாயமானதே. தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் ஆய்வு செய்த வலன்ரைன் டானியேல் 1984இல் வெளியிட்ட நூலில், தமிழருக்கு ஆள் என்பது எல்லை கட்டிய தனிப்பொருளன்று. ஊரோடும் மண்ணோடும் வீட்டோடும் கலந்து ஓடும் தன்மையது என விளக்கினார். மேலைநாட்டார் நெடுங்காலம் முயன்று வந்தடைந்த முடிபு நமக்குத் தொடக்கமாகவே அமைந்தது எனப் பெருமை பேசலாம். ஆயின் அப்பெருமை பாதி உண்மையே. உறவு நமக்குப் பழையது. உறவின் கட்டுக்கு அப்பால் அமர்ந்து ஒருவரைத் தனியே கேட்கும் செவியே நமக்குப் புதியது. எனவே மேலைநாட்டிற் பழையது எனப்படும் அடக்கமும் மறைகாப்பும் தோட்டத்து லயத்தில் புதுமையாகும். அங்கே புதுமை எனப்படும் உறவு இங்கே முன்னமே நிறைந்து, சிலவேளை நெருக்கியும் நிற்கிறது. இணைப்பு என்பது இங்கே மறுதிசையினின்று தொடங்க வேண்டியதாகிறது.

இந்திய அறிஞர் இத்தொல்லையை முன்னரே உணர்ந்தனர். கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்புச் சங்கத்தை நிறுவினார். ஒவ்வொரு விருப்பத்துள்ளும் அதன் எதிர்விருப்பமும் உறைகிறது. அடிக்க விரும்புவோனுள் அடிபட விரும்புவோனும் உளன் என்பது அவர் கொள்கை. ஆதலின் நோயாளர் தம்மை மற்றவர் நிலையிலும் வைத்து, ஏறியிறங்கும் சீசோப் பலகை போல மாறிமாறிக் கற்பனை செய்யுமாறு அவர் தூண்டினார். உறவின் இருமுனைகளையும் ஒருவரே உணரச்செய்யும் இம்முறை, உறவுவழி நெறி என்னும் பெயர் தோன்றுமுன் அதற்கு அணித்தாய் வந்ததொன்று எனலாம். பிராய்டுக்கு எழுதிய கடிதங்களில் போஸ் தம் வேறுபாட்டை மறைக்கவில்லை என்பதும் போற்றத்தக்கது.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உளநல நிலையம் 1957இல் தொடங்கியது. நோயாளரோடு குடும்பத்தார் ஒருவரும் உடன்தங்கிச் சிகிச்சையிற் பங்குகொள்ளும் வழக்கத்தை அது பேணியது. மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜஸ்வந்த் சிங் நேகி 1973இல் எழுதிய கட்டுரையில், குரு-சீடர் உறவையே இந்தியச் சிகிச்சைக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்றார். சார்ந்திருத்தலை நோயெனக் கருதும் நாட்டில் தோன்றிய முறை, சார்ந்திருத்தலை இயல்பெனக் கொள்ளும் நாட்டில் அப்படியே பொருந்தாது என்பது அவர் வாதம். வாதம் வலிமையுடையதே. எனினும் குருவைச் சீடன் கடிந்துகொள்ள இடமில்லையாயின், பெரென்சி கண்ட நோய்க்கு இங்கே மருந்து யாது என்னும் வினா எஞ்சுகிறது.

இவ்வினாவுக்கு நம் சங்க இலக்கியத்தின் அகத்திணை மரபு வியத்தகு முறையில் வெளிச்சம் தருகிறது. குறிஞ்சித் தலைவி களவொழுக்கத்தாற் பிரிவுற்று மெலிகிறாள். உண்ணாள், உறங்காள். செவிலியும் நற்றாயும் காரணம் அறியாது கட்டுவிச்சியை வினவுகின்றனர். அவள் நெல்லைப் பரப்பிக் குறிபார்த்து முருகு அணங்கியது என்கிறாள். வேலன் வருவிக்கப்படுகிறான். கழங்கு உருட்டப்படுகிறது, களம் இழைத்து, மறி அறுத்து வெறியாட்டு நிகழ்கிறது. அனைவரும் அவள்மீது அன்புடையவரே. அவள் நோய்க்குக் காரணம் உறவு என்பதை மட்டும் ஒருவரும் அவளிடம் கேட்டாரல்லர். கேட்டிருந்தாலும் அவள் கூறியிராள். குடியின் மானம் அவள் நாவின்மேல் இருந்தது. உண்மையை அறிந்தவள் தோழி ஒருத்தியே. அவளும் உடனே வெளியிடவில்லை. தலைவியின் குறிப்பை அறிந்து, காலம் பார்த்து, சொல்லை அளந்து செவிலியிடம் அறத்தொடு நிற்கிறாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உணர்த்துவர். காரணம் தானல்லன் என அறிந்தும் பலியை ஏற்க வந்த முருகனையே பேதைமையுடையான் என எள்ளும் பாடலும் உண்டு.

வேலன் செய்வது குடும்பம் முழுவதையும் ஒரு களத்திற் கூட்டும் சிகிச்சை. தோழி செய்வது ஒருத்தியைத் தனியே கேட்டு, கேட்டதைக் காத்து, பின் அவள் இசைவோடு குடும்பத்துள் கொண்டுசேர்க்கும் சிகிச்சை. முன்னையது இன்றும் மலையகத்தில் உண்டு. பின்னையதே அருகிக் காண்கிறது.

தோட்டங்களில் நோய் கண்டவிடத்துக் கோடாங்கி பார்ப்பதும், உடுக்கடித்துக் காரணம் கேட்பதும், மாடசாமிக்கோ முனியாண்டிக்கோ நேர்ந்துகொள்வதும் தமிழ்நாட்டினின்று வந்த முன்னோரோடு வந்த வழக்கங்கள். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரத்துக்கு ரோதை முனி என்றொரு தெய்வத்தையும் இம்மக்கள் கண்டுகொண்டனர். கற்றோர் சிலர் இவற்றை மூடநம்பிக்கை என ஒரு சொல்லால் ஒதுக்குவர். ஜெரோம் பிராங்க் 1961இல் வெளியிட்ட நூலில், பழங்குடி மருத்துவரும் புதுமைச் சிகிச்சையாளரும் ஒப்பச் செயற்படும் பொதுக் கூறுகளை எடுத்துக்காட்டினார்: நம்பிக்கைக்குரிய ஒருவர், அதற்கென அமைந்த ஓரிடம், துன்பத்துக்கு ஒரு விளக்கம், இருவரும் சேர்ந்து செய்யும் ஒரு செயல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், போரால் நொந்த மக்களைப் பற்றி 1998இலும் பின்னரும் எழுதிய நூல்களிலும் கட்டுரைகளிலும், வடு தனியாளுக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் ஊருக்கும் உரியது எனக் காட்டினார். செபம், மூச்சுப் பயிற்சி, சடங்கு முதலிய மரபுவழிகளையும் சிகிச்சையோடு இணைத்தல் தகும் என்றார். மட்டக்களப்புப் பகுதியில் ஆய்வு செய்த பற்றீசியா லோரன்ஸ், காணாமற்போன மைந்தரைத் தேடும் தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் சென்று ஆறுதல் தேடியதை எழுதியுள்ளார். வெளியே பேசின் ஆபத்து என்ற காலத்தில், தெய்வத்தின் வாயாலேனும் அத்துயரம் பேசப்பட்டது.

ஆயின் மறுபக்கமும் உண்டு. தென்னார்க்காட்டுப் பகுதியின் சடங்குகளை ஆராய்ந்து இசபெல் நபகோவ் 2000இல் வெளியிட்ட நூல், பேய் ஓட்டுதல் போன்றன பாதிக்கப்பட்டவரின் சொந்த விருப்பத்தைப் பேயின் விருப்பமாக்கி அவரிடமிருந்து பிரித்தெறிகின்றன என்னும் கருத்தை முன்வைக்கிறது. கணவன் வீட்டில் வாழ விரும்பாத இளம் பெண்ணின் மறுப்பு, பேயின் மறுப்பாகி விரட்டப்படுகிறது. வீடு அமைதியுறும், அவள் கூற விரும்பியதோ கூறப்படாமலே போகும். இது கருதத்தக்க கண்டனம். மரபைப் போற்றுவோர் இதனை எளிதிற் கடந்துவிடலாகாது.

லயத்து வாழ்வை அறிந்தவர்க்கு இதன் பொருள் விரைவில் விளங்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் பல. சுவருக்கு அப்பால் இருமுவது இப்பால் கேட்கும். இரவிற் கூறிய சொல் காலைப் பிரட்டுக்குமுன் மலை முழுவதும் பரவும். வின்னிகொற் 1958இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தனித்திருக்கும் ஆற்றல் தனிமையிற் பிறப்பதன்று; அன்புடைய ஒருவர் அருகிருக்க, அவர் குறுக்கிடாதிருக்கும்போதே குழந்தைக்கு அது வாய்க்கிறது என்றார். லயத்தில் அருகிருப்போர்க்குக் குறைவில்லை, குறுக்கிடாதிருப்போரே அரியர்.

மற்றொரு வேறுபாடும் நுணுகி நோக்கற்குரியது. வியன்னாவில் உணர்வுப் பெயர்ச்சி மறைந்து வந்தது. அதனைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தமிழர் சிகிச்சையாளரைக் கண்ட முதற்கணமே 'ஐயா', 'அம்மா', 'அக்கா' என்கின்றனர். உறவு முதற்சொல்லிலேயே வெளிப்படையாகிவிடுகிறது. மறைந்துபோவது உறவன்று, அவ்வுறவின்மேல் எழும் குறை. அக்காவிடம் எல்லாம் கூறலாம். அக்காவைப் பற்றி அக்காவிடமே கூறலாகாது. தலைமுறை தலைமுறையாகத் துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் 'சரிங்க' என்று கூறிப் பிழைத்த சமுதாயத்தில், அச்சொல் உடன்பாட்டைக் குறிப்பது சிறுபான்மை. 'சரிங்க டீச்சர்' என்று எழுந்து சென்ற மாணவி மறுமுறை வாராதபோது, குணமடைந்தாள் எனக் கொள்வது பேதைமை. ஜெரமி சவ்ரானும் கிறிஸ்தோபர் முரானும் 2000இல் வெளியிட்ட நூலில், சிகிச்சை உறவு முறியும் வகை இரண்டு என்றனர்: ஒன்று எதிர்த்து நிற்றல், மற்றது ஒதுங்கிப் போதல். தோட்டப்புறத்தில் நிகழ்வது பெரும்பாலும் பின்னையதே. அஃது ஓசையின்றி நிகழ்வதால் எவர் கவனத்துக்கும் வருவதில்லை.

இம்மக்களின் உறவுத்துயர் அனைத்தும் வீட்டுக்குள் விளைந்ததன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எண்ணிக்கை இருநாட்டரசுகளுக்கு உரியது. பிரிவோ அண்ணன் தம்பியருக்கும் தாய் மகளுக்கும் உரியதாயிற்று. இன்று பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டி ஒருத்தி, தன் உடன்பிறந்தாரைத் தலைமன்னார் வழியே அனுப்பிவிட்டு நின்ற சிறுமியாயிருத்தல் கூடும். அவள் வளர்க்கும் பேத்தியின் தாயோ மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண். இவ்வரலாற்றை அறியாத சிகிச்சையாளர், பிள்ளையின் நோயைப் பிள்ளையின் குணம் என்றே எழுதிவைப்பார்.

பழைய, புதிய நெறிகள் இங்கே எவ்வாறு கூடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். மேற்கூறிய பேத்தி பதினாறு வயது மாணவி எனக் கொள்வோம். கைக்குழந்தைப் பருவத்தில் பகலெல்லாம் பிள்ளை மடுவத்திலும், தாய் சென்றபின் அம்மாயி மடியிலும் வளர்ந்தவள். தாயின் தொலைபேசி அழைப்பு வரும் நாள்களில் அவள் உணவு கொள்வதில்லை. வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஆற்றோரப் பாதையில் முனி அடித்தது எனக் கோடாங்கி கூற, அம்மாயி அவள் மணிக்கட்டில் கயிறு கட்டுகிறாள். வைத்தியசாலையில் உறக்கத்துக்கு மாத்திரை கிடைக்கிறது. பின்னர் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியையிடம் அனுப்பப்படுகிறாள். இவர்தம் பணியை இலங்கைத் தமிழர் ஆற்றுப்படுத்தல் என்றும் வழங்குவர். பரிசில் பெற்று மீண்ட பாணன், வழியில் வறுமையோடு எதிர்ப்பட்ட மற்றொரு பாணனுக்கு வழிகூறுவதே ஆற்றுப்படை. கூறுவோன் மேட்டிலும் கேட்போன் பள்ளத்திலும் இல்லை. இருவரும் ஒரே வழியினர். சொல்லைத் தெரிந்தெடுத்தோர் நன்றே தெரிந்தனர்.

பழைய நெறியை மட்டும் அறிந்த ஆசிரியை, தாய்மேல் உள்ள சினம் அடக்கப்பட்டது என விரைவில் ஊகித்துவிடுவார். ஊகம் சரியாயும் இருக்கலாம். ஆயின் மாதந்தோறும் பணம் அனுப்பும் தாயைச் சினந்தாய் என்று ஒரு மலையகப் பிள்ளையின் முகத்துக்கு நேரே கூறின், அவள் 'சரிங்க டீச்சர்' என்பாள். அத்துடன் முடிந்தது. ஆதலின் அவர் காத்திருக்கிறார். வாரம் ஒருநாள், நூலகத்தின் மூலையில், ஒருவரும் குறுக்கிடாத அரைமணி நேரம். பிள்ளை இனிமையாகப் பழகுகிறாள். குறித்த நேரத்துக்கு வருகிறாள். தவணைப் பரீட்சை வேலையால் ஆசிரியை ஒரு வாரம் வர இயலாது போகிறது. முன்கூட்டி அறிவிக்கவும் மறந்துவிடுகிறார். அடுத்த வாரம் பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

மாணவத் தலைவியை விட்டு அவளை ஆசிரியர் அறைக்கு அழைப்பித்தல் எளிது, அழைத்தால் வருவாள். வருவது கீழ்ப்படிதலாகுமேயன்றி உறவாகாது. ஆசிரியை தாமே அவளிடம் சென்று, சொல்லாமல் நின்றது தம் பிழை என்கிறார். பெரென்சி 1932இல் கூறிய மருந்து இதுவே. பிள்ளை நெடுநேரம் மௌனமாயிருந்து, 'நீங்களும் போயிருவீங்கன்னு தெரியும் டீச்சர்' என்கிறாள்.

இவ்வொரு வாக்கியத்தில் 'நீங்களும்' என்பதன் உம்மையைக் கருதுக. இறந்தது தழீஇய எச்சவும்மை அது. தாய் சென்ற நாள் அவ்வும்மையுள் இருக்கிறது; அதனைக் கண்டறிவது பிராய்டின் கொடை. ஆசிரியை வாராதிருந்த வாரமும் அதனுள் மெய்யாகவே இருக்கிறது. அதனை மறுக்காதிருப்பது மிற்செலின் கொடை. 'நான் உன் தாயல்லேன்' என்று ஆசிரியை திருத்த வேண்டியதில்லை. 'ஆம், போனேன்' என்பதே போதும். தாயைப் பற்றிய பேச்சு அதன்பின் தானே வரும். உடனே வரும் என்பதில்லை.

மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்க்குமாறு ஆசிரியை கூறுவதில்லை. முனியை நம்பினாலும் நம்பாவிடினும் அக்கயிறு அம்மாயியின் சொல். தனக்குத் தெரிந்த மொழியில் அவள் பேத்தியிடம் கூறிய ஒரே சொல். ஆயின் ஒருநாள் அம்மாயி பாடசாலை வாயிலில் வந்துநின்று, பிள்ளை என்ன சொன்னது என்று கேட்பாள். தோட்டத்தில் அவள் பெரியவள். ஆசிரியையின் தாயோடு ஒரு மலையிற் கொழுந்து பறித்தவளாயும் இருக்கலாம். கேட்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு. கூறாதிருப்பதற்கு ஆசிரியைக்குக் கடமை உண்டு. தோழி நின்ற இடம் இதுவே. எதைக் கூறலாம், எதைக் கூறலாகாது என்று பிள்ளையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுதல் அம்மாயி வருமுன்னரே செய்யவேண்டிய வேலை. பிள்ளை ஒன்றுக்கு இசைந்திருப்பாளாயின் அவ்வொன்றே கூறப்படும்: அம்மா பேசும் நாளில் அவளைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், பக்கத்தில் இருந்தாற் போதும்.